பி.இ. 6 என்றால் மலிவா? பாம்பன் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா விசைப்படகை விற்றுவிட்டார். கடனெல்லாம் அடைத்தது போக ஒரு தொகை கையில் இருக்கிறது. இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கு பி.இ. 6-க்குக் கிடைக்கிறது. சோப்பு, ஷாம்பு விற்கும் கம்பெனிகள் 50-க்கு மேல் போகின்றன. 6 என்றால் மலிவு, 50 என்றால் விலை அதிகம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இறால் தொழிலைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். தைரியமாக வாங்கலாமா?"

தம்பி, அந்த 6-ஐ மட்டும் பார்த்து வாங்காதீர்கள். (பி.இ. என்பது பங்கின் விலை ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. கீழே விளக்குகிறேன்.) 6 என்பது தப்பான எண் என்று சொல்லவில்லை. அது எந்த வருடத்து லாபத்தை வைத்து வந்த 6 என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. நான் ராமநாதபுரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் படகுக்காரர்களுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். பங்குச் சந்தையில் சொந்தக் காசைப் போட்டு, கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் தொலைத்தவன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. கீழே வரும் கம்பெனிப் பெயர்கள் எல்லாம் விளக்கத்துக்குத்தான். வாங்கு, விற்றுவிடு என்று எதையும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் படகிலிருந்தே ஆரம்பிக்கிறேன். படகை வாங்க வந்தவர் அப்பாவிடம் என்னென்ன கேட்டார் என்று நினைவிருக்கிறதா? விலையை மட்டும் கேட்டிருக்க மாட்டார். டீசல், ஐஸ், சாப்பாடு, வலைச் செலவு, தொழிலாளர் பங்கு எல்லாம் போக வருடத்துக்கு முதலாளி கையில் என்ன நிற்கும் என்று கேட்டிருப்பார். உதாரணத்துக்கு விலை 40 லட்சம், கையில் நிற்பது 8 லட்சம் என்று வைப்போம். அவர் மனதுக்குள் போடும் கணக்கு, "அஞ்சு வருசத்துல முதலை எடுத்துடலாம்." அந்த அஞ்சுதான் பி.இ. விகிதம். விலையை ஒரு வருட லாபத்தால் வகுத்தால் வருவது. சந்தைக்காரர்கள் அதற்கு இங்கிலீஷில் பிரைஸ்-ஏர்னிங்ஸ் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது ஒன்று யோசியுங்கள். அதே படகை 20 வருட லாபம் கொடுத்து யாராவது வாங்குவாரா? மாட்டார். மரம் உளுத்துப் போகும், என்ஜின் தேயும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மற்ற நாளிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் கடல். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் லாபம் மட்டுமல்ல, முதலே போய்விடும். இதையெல்லாம் சேர்த்துத்தான் ஆட்கள் அஞ்சு வருட லாபத்துக்கு மேல் விலை சொல்லத் தயங்குகிறார்கள்.

ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதியில் ஒரு கடைக்கட்டடம் விலைக்கு வருகிறது என்று வையுங்கள். வருட வாடகை 6 லட்சம், விலை 2 கோடி. முதலை எடுக்க 33 வருடம் ஆகும். ஆனாலும் வாங்க வரிசையில் நிற்பார்கள், யாரும் அவர்களைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். யாத்திரைக்காரர்கள் நாளைக்கும் வருவார்கள், பத்து வருடம் கழித்தும் வருவார்கள், வாடகையும் ஏறும். படகுக்கு 5, கடைக்கு 33. இரண்டில் எது மலிவு? இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லாபம் எவ்வளவு நாள், எவ்வளவு நிச்சயமாக வரும் என்பதை வாங்குகிறவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அவர்கள் நினைப்பு தப்பாக இருக்கும் இடத்தில்தான் நமக்குக் காசு.

சரி, பங்குக்கு வருவோம். கம்பெனியின் வரி போன நிகர லாபம் 120 கோடி, மொத்தப் பங்குகள் 6 கோடி என்றால் பங்கு ஒன்றுக்கு லாபம் 20 ரூபாய். இதை இ.பி.எஸ். என்பார்கள். பங்கு விலை 120 ரூபாய் என்றால் பி.இ. 6. மொத்தச் சந்தை மதிப்பான 720 கோடியை 120 கோடியால் வகுத்தாலும் அதே 6 வரும். பங்கின் விலை 50 ரூபாயா 5,000 ரூபாயா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊர்ப்பக்கம் "அம்பது ரூபா பங்கு, சீப்பா இருக்கு" என்று வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மீனைப் பத்துத் துண்டு போட்டால் துண்டின் விலை குறையும், மீன் மலிவாகிவிடாது.

துண்டே போடாத மீனுக்கு எம்.ஆர்.எஃப். நல்ல உதாரணம். சென்னையைச் சேர்ந்த அந்த டயர் கம்பெனிக்கு மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான். 2023 ஜூனில் ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அப்போது முடிந்திருந்த 2022-23 நிதியாண்டின் லாபம் சுமார் 769 கோடி. பங்குக்கு 1,800 ரூபாய் சொச்சம், அதாவது பி.இ. 55 பக்கம். எண்ணை மட்டும் பார்த்தவர், "டயர் கம்பெனிக்கு 55-ஆ?" என்று ஒதுங்கியிருப்பார். அடுத்த ஆண்டு லாபம் சுமார் 2,081 கோடி ஆகிவிட்டது. மூலப்பொருள் விலை இறங்கியது, டயர் விலை அப்படியே நின்றது. 2024 மத்தியில் பங்கு விலை 1.25 லட்சத்தைத் தாண்டி நின்றபோது பி.இ. 27-க்குப் பக்கத்தில். விலை ஏறியிருக்கிறது, பி.இ. பாதியாகியிருக்கிறது. 2023-ல் பி.இ. பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம், கீழே இருந்த லாபம் அந்த வருடம் சுருங்கிக் கிடந்ததுதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இறால் கம்பெனி விஷயம் பாதி தெளிந்துவிடும்.

ஏறி இறங்கும் தொழில்கள் என்று ஒரு வகை உண்டு. எஃகு, சர்க்கரை, சிமெண்ட், ரசாயனம், கப்பல், இறால். நம் பக்கத்து முண்டு மிளகாயையே பாருங்கள். விலை ஏறிய வருடம் எல்லாரும் மிளகாய் போடுவார்கள், அடுத்த வருடம் கமிஷன் கடையில் மூட்டை தேங்கும். இந்த மாதிரித் தொழிலில் பி.இ. தலைகீழாகப் பேசும். தொழில் உச்சத்தில் இருக்கும்போது லாபம் வீங்கும். இது நிற்காது என்று சந்தைக்குத் தெரியும், அதனால் விலையை அந்த அளவுக்கு ஏற்றாது. பி.இ. 6 என்று தெரியும். தொழில் அடிமட்டத்துக்கு வரும்போது லாபம் ஐந்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ போகும், விலை பாதியாகும், பி.இ. 20 என்று தெரியும். 6-ல் "மலிவு" என்று வாங்கியவர் பாதிக் காசை விட்டிருப்பார். 20-ல் "ஐயோ விலை அதிகம்" என்று ஓடியவர் வாங்க வேண்டிய நேரத்தை விட்டிருப்பார்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2007 கடைசியில் ஓர் உலோகக் கம்பெனியின் பங்கு பி.இ. 7-க்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் 25, 30 என்று போய்க்கொண்டிருந்த நேரம். ஆஹா, யார் கண்ணிலும் படாமல் நம் கண்ணில் பட்டிருக்கிறதே என்று மனைவியின் நகைச்சீட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்கினேன். ஒரு வருடத்தில், கொடுத்த விலையில் கால் பங்குதான் மிஞ்சியது. வேடிக்கை அதற்கப்புறம்தான். உலோக விலை விழுந்து கம்பெனி நஷ்டம் காட்டியது. நஷ்டத்துக்கு பி.இ. கிடையாது, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். 7 என்று வாங்கினேன், இப்போது எண்ணே இல்லையே என்று பயந்து விற்றேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் அது நான் வாங்கிய விலைக்கே திரும்பி வந்தது. வாங்கும்போதும் பி.இ.யை நம்பினேன், விற்கும்போதும் பி.இ.யை நம்பினேன். இரண்டு தடவையும் எண் பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இறாலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். "பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, கோபப்படாதீர்கள், நீங்கள் பார்த்தது கடல் இறால். கடலில் பிடித்த இந்திய இறாலை, வலையில் ஆமை தப்பிக்கும் சாதனம் இல்லை என்ற காரணத்துக்காக 2019-ல் அமெரிக்கா வாங்குவதை நிறுத்திவிட்டது. பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள ஏற்றுமதிக் கம்பெனிகள் அங்கே அனுப்புவது பண்ணையில் வளர்த்த வனாமி என்ற இறால் வகை, பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்ந்தது. அந்தத் தொழிலின் நோவுகள் வேறு: தீவன விலை, குஞ்சின் தரம், நோய். தொண்ணூறுகளின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து கிழக்குக் கடற்கரை நெடுகப் பண்ணைகளைக் காலி செய்ததை உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். வனாமி இங்கே வந்ததே 2009-க்கு அப்புறம்தான். ஆக, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது உங்கள் வீட்டுத் தொழில் இல்லை.

அப்புறம் வரி. 2024-25-ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால், அந்த இறாலுக்கு மிகப் பெரிய வாடிக்கை அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியது. அந்த மாதிரி ஒரு நாளில் பி.இ.க்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். விலை உடனே விழும். அடியில் இருக்கும் லாபமோ போன நான்கு காலாண்டுக் கணக்கு, வரி வருவதற்கு முன்னால் சம்பாதித்தது. அது மாறாது. விலை குறைந்து லாபம் அப்படியே நின்றால் பி.இ. தானாகச் சுருங்கிவிடும். மலிவு வந்துவிட்டது போலத் தெரியும். நேற்று வந்த மீன்பாட்டைக் காட்டி நாளைக்குப் படகை விற்கிற கதை இது. வரி அப்புறம் இறங்கலாம், ஏறலாம். நான் சொல்வது அந்தக் குறிப்பிட்ட வரியைப் பற்றி அல்ல. குறைந்த பி.இ.யைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, விலை விழுந்ததால் குறைந்ததா, லாபம் வளர்ந்ததால் குறைந்ததா என்பதுதான்.

இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஏறி இறங்கும் தொழில் என்றால் ஒரு வருட லாபத்தை எடுக்காதீர்கள். ஏழெட்டு வருட இ.பி.எஸ்.ஸைத் தாளில் எழுதுங்கள். உங்கள் கம்பெனி மாதிரி ஒன்றுக்கு 11, 12, 9, 5, 3, 6, 14, 20 என்று வருகிறது என்று வையுங்கள். கூட்டினால் 80, சராசரி 10. பங்கு விலை 120. இப்போது வகுத்தால் 12. திரையில் 6 என்று தெரிந்தது, நல்ல வருடமும் கெட்ட வருடமும் சேர்த்துப் பார்த்தால் 12. அது கூட மோசமில்லைதான், ஆனால் நீங்கள் நினைத்த மலிவு அங்கே இல்லை. வரிசையில் இருக்கும் அந்த 3-ஐயும் கவனியுங்கள். அது மறுபடி வந்தால் உங்களால் தாங்க முடியுமா?

அடுத்தது, லாபம் என்று எழுதியிருப்பது உண்மையில் தொழில் லாபம்தானா என்பது. இதில் ஏமாறுவது சுலபம். படகுக்காரர் ஒருவர் பழைய என்ஜினையும் உபரி வலையையும் விற்ற வருடம் கையில் 4 லட்சம் கூடுதலாக வரும். அடுத்த வருடம் விற்க என்ஜின் இருக்காது. கம்பெனிகளில் இது பெரிய அளவில் நடக்கும். ஐ.டி.சி. தன் ஓட்டல் தொழிலை 2025 ஜனவரியில் தனிக் கம்பெனியாகப் பிரித்தது. அதனால் அந்த நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் 15,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கேட்டு லாபம் பதிவானது. சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்று வந்த காசு இல்லை அது. அந்த லாபத்தையும் சேர்த்து வகுத்தால் பி.இ. 15 பக்கம் வரும், தள்ளிவிட்டு வகுத்தால் 25-க்கு மேல். கம்பெனி எதையும் மறைக்கவில்லை, அறிக்கையில் தனியாகவே போட்டிருந்தது. ஆனால் பல ஆப்களும் இணையதளங்களும் மொத்த லாபத்தை எடுத்து வகுத்துக் காட்டிவிடும். அதனால் காலாண்டு அறிக்கையில் "விதிவிலக்கான இனங்கள்" (இங்கிலீஷில் exceptional items) என்ற வரியைப் பார்க்காமல் எந்த பி.இ.யையும் நம்புவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, எழுதின லாபம் கைக்கு வந்ததா? சில வருடம் முன்பு ஒரு படகு முதலாளியின் கணக்கு முடித்தபோது நோட்டில் அந்தப் பருவத்து வரவு 11 லட்சம் என்று இருந்தது. "அண்ணே, பணம் எங்கே?" என்றேன். தகரப் பெட்டியைத் திறந்து எண்ணினார், 6 லட்சம். மிச்சம் 5 லட்சம் இறால், நண்டு எடுத்த வியாபாரி "அடுத்த லோடுக்குத் தர்றேன்" என்று சொன்ன பணம். நோட்டுப்படி லாபம் உண்டு. டீசலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. கம்பெனிக் கணக்கும் இப்படித்தான். சரக்கு போய்விட்டால் விற்பனை எழுதிவிடுவார்கள், பணம் எப்போது வரும் என்பது வேறு கதை. ஆண்டறிக்கையில் பணவரத்து அறிக்கை என்று ஒன்று இருக்கும். தொழிலிலிருந்து வந்த பணம் என்ற வரியை நாலைந்து வருடத்துக்குக் கூட்டி, அதே வருடங்களின் லாபத்தோடு ஒப்பிடுங்கள். லாபம் 100 என்றால் பணம் 80, 90-ஆவது வந்திருக்க வேண்டும். 30, 40 என்று இருந்தால் அந்தக் கம்பெனியின் பி.இ. 6 ஆனாலும் 4 ஆனாலும் நான் தொட மாட்டேன்.

எந்தக் காலத்து லாபம் என்பதிலும் மூன்று நான்கு விதம் இருக்கிறது. ஒரே காலாண்டை எடுத்து நாலால் பெருக்குவது மகா தப்பு. தடைக்காலம் விழும் காலாண்டை வைத்து உங்கள் படகின் வருட வருமானத்தைச் சொல்ல முடியுமா? கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டுவதுதான் முறை. வருங்கால லாபத்தை வைத்துப் போடும் பி.இ.யும் உண்டு. அது ஆய்வாளர்களின் மதிப்பீடு, கடலில் கிடக்கும் மீனுக்குக் கரையில் விலை பேசுவது. தரகு நிறுவன அறிக்கைகள் பெரும்பாலும் இதைத்தான் முன்னால் வைக்கும், பார்க்க அழகாக இருப்பதால். கம்பெனிக்குத் துணை நிறுவனங்கள் இருந்தால் எல்லாம் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்தை எடுக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையே, ஐம்பது பெரிய கம்பெனிகளைச் சேர்த்த குறியீடான நிஃப்டியின் பி.இ.யை நெடுங்காலம் தாய்க் கம்பெனிகளின் தனி லாபத்தை வைத்துத்தான் கணக்கிட்டது. 2021 மார்ச் முடிவில் ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியதும் 40-க்கு மேல் இருந்த எண் ஒரே நாளில் 33 அளவுக்கு வந்தது. சந்தையில் யாரும் எதையும் விற்கவில்லை, கணக்குப் போடும் விதம்தான் மாறியது. ஆகவே நிஃப்டியின் பி.இ. வரைபடத்தை 2021-க்கு முன்னும் பின்னும் ஒரே கோடாகப் பார்ப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அந்த 40-க்கே இன்னொரு பக்கமும் உண்டு. ஊரடங்கில் கம்பெனிகளின் லாபம் படுத்துக் கிடந்தது, விலை முன்கூட்டியே எழுந்துவிட்டது. அதனால் வந்த 40. "வரலாற்றில் இல்லாத பி.இ., சந்தை விழும்" என்று 2021 பிப்ரவரியில் நிஃப்டி 15,000 பக்கம் இருக்கும்போது விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அக்டோபரில் 18,000 தாண்டியது. எம்.ஆர்.எஃப். கதைதான், சந்தை முழுக்கவும்.

இனி உங்கள் 50-க்கு வருவோம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட், சோப்பு எல்லாம் ரத வீதிக் கடை மாதிரி. மழை பெய்தாலும் புயல் அடித்தாலும் ஆட்கள் குளிப்பார்கள். அதனால் பி.இ. அதிகம் கிடைப்பது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஹிந்துஸ்தான் யூனிலீவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-20-ல் பங்குக்கு லாபம் சுமார் 31 ரூபாய், 2020 ஏப்ரலில் விலை 2,400 ரூபாயை ஒட்டி. பி.இ. 75-க்கு மேல். ஊரடங்கில் பாதுகாப்பான பங்கு என்று எல்லாரும் அதில் ஒதுங்கிய நேரம். 2024-25-ல் பங்குக்கு லாபம் சுமார் 45 ரூபாய். கம்பெனி ஒழுங்காக வளர்ந்திருக்கிறது, எந்தத் தப்பும் செய்யவில்லை. 2025 ஏப்ரல் வாக்கில் விலை? 2,300 பக்கம். ஐந்து வருடம் காத்திருந்தவருக்கு ஈவுத்தொகை மட்டும் மிச்சம். லாபம் ஏறியதை பி.இ. இறங்கியது சாப்பிட்டுவிட்டது. நல்ல கம்பெனியை அதிக பி.இ.க்கு வாங்கினால் நஷ்டத்தைவிட இந்த மாதிரி நின்ற இடத்திலேயே நிற்பதுதான் அதிகம் நடக்கும். அது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்பதால் யாரும் வீடியோ போடுவதில்லை.

மறுபக்கம், குறைந்த பி.இ. வருடக்கணக்கில் குறைந்தே கிடக்கவும் செய்யும். தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் நம் பக்கத்தில் நிறையப் பேருக்குக் கணக்கு இருக்கிறது. 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். 2022-23-ல் லாபம் சுமார் 1,029 கோடி, 2024-25-ல் சுமார் 1,183 கோடி. பி.இ. ஏழு, எட்டு என்று ஒற்றை இலக்கம். முதல் இரண்டரை வருடம் விலை வெளியீட்டு விலையைச் சுற்றியே வந்தது. லாபம் இருக்கிறது, வளர்ச்சி நிதானம், சந்தை அதற்கு மேல் தரவில்லை. "பி.இ. 7-தானே, 14-க்குப் போனால் இரட்டிப்பு" என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அது போகாது. வங்கிகளுக்கு எப்படியும் பி.இ.யைவிடப் புத்தக மதிப்பும் (கடன் போக மிஞ்சும் சொத்து) வாராக்கடனும்தான் முக்கியம், அது தனிப் பாடம்.

எந்த பி.இ. நியாயம் என்று அளக்க ஒரு சின்ன வழி: தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். பி.இ. 20 என்றால் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் லாபம். வங்கி வைப்புநிதி 7 சதவீதம் தந்தால் அதன் பி.இ. 14 பக்கம், அதுவும் பெரிய ஆபத்து இல்லாமல். 14-க்கு மேல் கொடுக்கிறீர்கள் என்றால் வளர்ச்சிக்குக் கூலி கொடுக்கிறீர்கள். அந்த வளர்ச்சி எங்கிருந்து வரும் என்று இரண்டு வரியில் உங்களால் எழுத முடிய வேண்டும். பி.இ.யை வளர்ச்சி விகிதத்தால் வகுத்து, ஒன்றுக்குக் கீழ் என்றால் மலிவு என்று சொல்லும் முறையும் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. வளர்ச்சி விகிதம் யாரோ ஒருவர் ஊகம், ஊகத்தால் வகுத்து வருவதும் ஊகம்தான்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே விலை, ஒரே லாபம் உள்ள இரண்டு படகில் ஒன்றுக்கு வியாபாரியிடம் வாங்கிய 20 லட்சம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குவீர்களா? பி.இ. இரண்டுக்கும் ஒன்றுதான் காட்டும். கடனை அது பார்க்காது, கையிருப்புப் பணத்தையும் பார்க்காது. ஏற்றுமதிக் கம்பெனிகள் சரக்கு வாங்கவே வங்கிக் கடனில் ஓடுகிறவை, அதனால் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து கடன் எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒப்பிடுவதென்றால் ஒரே தொழிலுக்குள் ஒப்பிடுங்கள். இறால் கம்பெனியை இறால் கம்பெனியோடு, முடிந்தால் அதே கம்பெனியின் பழைய வருடங்களோடு. இறாலையும் ஷாம்புவையும் பக்கத்தில் வைத்து 6, 50 என்று பார்ப்பது கிலோ நெத்திலியையும் கிலோ சீலாவையும் விலை ஒப்பிடுவது போல.

சரி, உங்கள் கம்பெனி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் வாங்க மாட்டேன். கம்பெனியின் இணையதளத்தில் பழைய ஆண்டறிக்கைகள் இருக்கும். எட்டு வருட இ.பி.எஸ்.ஸை எழுதுவேன். விற்பனையில் அமெரிக்காவுக்குப் போவது எத்தனை சதவீதம், ஐரோப்பா, ஜப்பான், சீனா எத்தனை என்று பார்ப்பேன். நூறில் எண்பது ஒரே நாட்டுக்கு என்றால் அந்த ஒரு நாட்டு அரசாங்கத்தின் மனநிலையைத்தான் வாங்குகிறோம். வர வேண்டிய பாக்கி போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா, கிடங்கில் சரக்கு தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் சரியாக இருந்து, சராசரி லாபத்தில் பி.இ. 10-க்குக் கீழே வந்தால் கொஞ்சமாக வாங்குவேன். அப்படியும் படகு விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போட மாட்டேன். அப்பாவின் வயதுக்கு அந்தப் பணத்தில் பெரும்பகுதி தபால் நிலையத்திலோ வங்கியிலோ இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அந்த எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே ஒவ்வொரு வருடமும் பங்கு எந்த விலையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பி.இ. எந்த வருடம் மிகக் குறைவாக இருந்தது, அதற்கு அடுத்த இரண்டு வருடம் விலைக்கு என்ன ஆனது என்று அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். படகு வாங்க வந்தவரிடம் நல்ல பாடு கிடைத்த வருடத்துக் கணக்கைத்தானே அவர் முதலில் எடுத்துக் காட்டியிருப்பார். அவருக்குச் சட்டென்று புரியும்.